பலன் சொல்லாத பயிற்சி: சித்தர் மலையிலிருந்து ஜென்னைப் பார்த்தல்

(கொல்லிமலை, செம்மேட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சில் இடையே வந்த கிளைச் செய்திகள் சில விடப்பட்டுள்ளன.)



ஜென் பௌத்தத்தைப் பற்றிப் பேச இந்த மலை மிகவும் ஏற்ற இடம் என்று கருதுகிறேன். கொல்லிமலை தேடி வருகிறவர்களின் மலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்களில் பலர் அறப்பளீசுவரரிடம் ஒரு வேண்டுதலோடு வருகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளித்தால் உடற்பிணி தீரும் என்று வருகிறவர்கள் உண்டு. கோரக்கர், காலாங்கிநாதர் பெயர் தாங்கிய குகைகளில் சற்று அமர்ந்தால் மனம் ஒடுங்கும் என்று வருகிறவர்கள் உண்டு. காயகற்ப மூலிகை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. நோயும் வறுமையும் சாவும் மெய்யானவை. அவற்றிலிருந்து மீள வழி தேடுவது நேர்மையான தேட்டம். அந்தத் தேட்டத்துக்குத் தமிழில் மிக விரிவாக விடை சொன்னது சித்தர் மரபு. அந்த மரபின் மண்ணில் நின்று கேட்டால்தான், மற்ற ஆன்மிக நெறிகளிலிருந்தும் தன்முன்னேற்றப் போதனைகளிலிருந்தும் ஜென் எங்கே பிரிகிறது என்பது துலங்கும்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பயிற்சி கேட்கும் நெறிகள் பொதுவாகப் பலனும் சொல்கின்றன. பலன் பேசுவதே தவறு என்கிற சிந்தனையாளர்கள் பெரும்பாலும் பயிற்சியையும் சேர்த்தே மறுக்கிறார்கள். ஜென் இந்த இரு பக்கமும் சேரவில்லை. பயிற்சியை இறுக்கமாகக் கேட்கிறது. அதனால் இன்னது கிடைக்கும் என்று சொல்ல மறுக்கிறது. இந்த இரண்டும் ஓரிடத்தில் கூடி நிற்பதுதான் ஜென்னின் தனித்தன்மை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

1. வேறுபாடு இல்லாத இடங்கள்

ஜென்னைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜென் நூலை மதிக்காது, சடங்கை ஏற்காது, கோயிலைக் கேள்வி கேட்கும், புதிராகப் பேசும் என்பார்கள். இதற்காக ஒரு தமிழர் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. சடங்கையும் சாதியையும் சிவவாக்கியரைவிடக் கடுமையாகக் கேட்டவர் அரிது. சித்தர்களின் மறைமொழி எந்தப் புதிருக்கும் இளைத்ததன்று. மறுபுறம், ஜென் மடம் சடங்கு மிகுந்த இடம். எப்போது கைகூப்புவது, கிண்ணத்தை எப்படி ஏந்துவது, எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது என்பதற்கெல்லாம் அங்கே முறை உண்டு. நூலும் குறைவில்லை. 100 நிகழ்ச்சிகள் கொண்ட ‘நீலப்பாறைப் பதிவு’, 48 நிகழ்ச்சிகள் கொண்ட ‘வாயிலற்ற வாயில்’ முதலிய தொகுப்புகளைத் தலைமுறை தலைமுறையாக ஓதி, உரை எழுதி, விவாதித்து வந்த மரபு அது.

இன்னொன்றையும் ஒதுக்க வேண்டும். போதிதருமர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், எனவே ஜென் நம்முடையதே என்பது 2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு பொதுப்பேச்சாகிவிட்டது. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 547-ஐ ஒட்டி யாங் சுவான்சி எழுதிய லுவோயாங் மடங்களின் வரலாறு. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதை அடுத்து வரும் டான்லின் என்பவரின் குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அவர் கதையில் காஞ்சிபுரம் என்ற பெயர் வருவது மிகவும் பிற்காலத்தில்தான். போகர் சீனம் சென்றார், அங்கிருந்து வந்தார் என்னும் சித்தர் கதைகளை இதனோடு முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழகத்தில் பௌத்தம் வாழ்ந்ததைக் காட்ட இத்தகைய முடிச்சுகள் தேவையில்லை. இந்த மலைக்கு வடக்கே, ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் தியானத்தில் அமர்ந்த பெரிய புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. உரிமை கொண்டாடுவதால் எனக்குள்ள கவலை வேறு. ஜென் நம் வீட்டுப் பொருள் என்று முடிவு செய்துவிட்டால், அது நம்மிடம் கேட்கும் புதிய கேள்வி காதில் விழாமலே போய்விடும்.

2. பிரியும் இடம்

அந்தக் கேள்வி என்ன என்பதற்குப் போதிதருமர் பெயரில் வழங்கும் கதையே சான்று. லியாங் நாட்டுப் பேரரசர் வூ மடங்கள் கட்டினார், சூத்திரங்களைப் படியெடுக்கச் செய்தார், துறவிகளைப் பேணினார். இவற்றால் எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று அவர் கேட்க, புண்ணியம் எதுவும் இல்லை என்று போதிதருமர் சொன்னதாகக் கதை. 8-ஆம் நூற்றாண்டில்தான் இது எழுத்தில் வருகிறது. வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள முடியாது. ஆனால் தன்னை நிறுவியவர் என்று ஒருவரை வரித்துக்கொண்ட ஒரு மரபு, அவர் அரச சபையில் பேசிய முதல் பேச்சாக எதை வைத்தது என்று பாருங்கள். நோய் தீர்த்த அற்புதத்தை வைக்கவில்லை. அரசனுக்கு வெற்றி வாக்களித்ததை வைக்கவில்லை. கொடுத்தவனிடம் கணக்குப் புத்தகம் வெறுமையாக இருக்கிறது என்று சொன்னதை வைத்தது. அரசரின் தயவில்லாமல் மடங்கள் நிலைக்க முடியாத காலத்தில் இப்படி ஒரு கதையைத் தலைவாசலில் எழுதி வைத்தார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

அடுத்த சான்று சீன ஆசான் நான்யுவேயும் (677–744) அவர் மாணவர் மாசுவும் (709–788). மாசு இடைவிடாமல் அமர்ந்து தியானம் செய்தார். எதற்காக என்று ஆசிரியர் கேட்க, புத்தனாவதற்காக என்றார். ஆசிரியர் ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார். கண்ணாடி செய்கிறேன் என்றார். ஓட்டைத் தேய்த்தால் கண்ணாடியாகுமா என்று மாசு கேட்டார். அமர்ந்தால் மட்டும் புத்தனாவாயா என்பது திரும்பி வந்த கேள்வி. இந்தக் கதையைப் படித்துவிட்டு, தியானமே வேண்டாம் என்கிறது ஜென் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது பிழை. மாசு அதன் பிறகும் அமர்ந்தார். அவர் வழிவந்த மடங்கள் இன்றும் அமர்கின்றன. ஓடு கண்ணாடியாக வேண்டும் என்ற எண்ணம்தான் அங்கே உடைபட்டது, தேய்ப்பது நிற்கவில்லை. ஜப்பானிய ஆசான் தோகன் (1200–1253) இதைக் கோட்பாடாகவே வகுத்தார்: பயிற்சியும் விழிப்பும் ஒன்றே, பயிற்சி முன்னே, விழிப்புப் பின்னே என்று இரண்டு இல்லை. ஆகவே ஒருவர் அமர்ந்திருக்கும்போது எங்கும் போய்க்கொண்டிருக்கவில்லை.

சீன அறிஞர் சோங்மி (780–841) தியானத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். அவர் கையாண்ட அளவுகோல் கவனிக்கத்தக்கது. எப்படி அமர்கிறார்கள் என்பதை வைத்து அவர் பிரிக்கவில்லை. எந்தப் புரிதலோடும் எந்த நோக்கத்தோடும் அமர்கிறார்கள் என்பதை வைத்தே பிரித்தார். மேலான நிலையை விரும்பி, கீழான நிலையை வெறுத்துச் செய்யும் தியானத்தை அவர் கீழ்ப்படிகளில் வைத்தார். 20-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஆசான் யசுதானி ஹக்குஉன் இதே பகுப்பைப் புதிய மாணவர்களுக்கு விளக்கியபோது, உடல்நலத்துக்காகவும் மன அமைதிக்காகவும் அமர்வதை முதல் வகையில் சேர்த்தார். அது கெடுதல் என்று அவர் சொல்லவில்லை, தொடக்கம் என்றார். இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் மனக்கவனப் பயிற்சி இங்கேதான் நிற்கிறது. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கிய ஜான் கபாட்-சின் ஜென் ஆசிரியரிடம் பயின்றவர். வலியாலும் பதற்றத்தாலும் தவிப்பவருக்கு அது உதவுகிறது என்றால் அதை வரவேற்க வேண்டும். ஆனால் பலனை அளந்து நிறுவ வேண்டிய மருத்துவமும், பலன் என்ற எண்ணத்தையே ஆராயும் ஜென்னும் ஒரே மூச்சைக் கவனித்தாலும் வெவ்வேறு வேலையில் இருக்கின்றன.

3. சித்தரும் வ.உ.சி.யும்

பயிற்சியும் பலனும் சேர்ந்து வரும் நெறிகளுக்கு நம்மிடம் இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. முதலாவது இந்த மலையினுடையது. உடல் நிலைக்காவிட்டால் ஞானமும் கைகூடாது என்பது திருமூலர் முதலானோர் கொண்ட நிலை. அதிலிருந்தே மூச்சுப் பயிற்சி, கற்ப மருந்து, இரசவாதம், அட்டமாசித்தி என்று ஒரு பெரும் அறிவுத்துறை வளர்ந்தது. இங்கே பயிற்சி ஒரு படிக்கட்டு. எந்தப் படியில் எது கிடைக்கும், எத்தனை காலத்தில் கிடைக்கும், எந்தப் பத்தியம் காக்க வேண்டும் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவத்துக்கு இந்த ஒழுங்கு இன்றியமையாதது. சித்த மருத்துவம் உயிரோடு இருப்பதே அதனால்தான். அதே ஒழுங்கு ஆன்மிகத்துக்குள் வரும்போது, ஏறுகிறவன் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. நேற்றைய உடலைவிட இன்றைய உடல் தேர்ந்தது என்று ஒப்பிட ஒருவன் எப்போதும் தேவைப்படுகிறான். ஜென் கை வைப்பது அந்த ஒருவன் மீது.

இரண்டாவது எடுத்துக்காட்டு தன்முன்னேற்ற எழுத்து. அது அண்மையில் இறக்குமதியான சரக்கு என்று நினைக்கிறோம். ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903-இல் வெளியிட்ட நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908 முதல் 1912 வரை அவர் சிறையில் இருந்தார். நூல் வெளிவந்த ஆண்டு 1909. ஆலனின் வேறு நூல்களையும் பின்னர் அவர் தமிழுக்குத் தந்தார். கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர், எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்ற கருத்தில் என்ன கண்டிருப்பார் என்று எண்ணிப்பார்க்கிறேன். கப்பலும் சொத்தும் பறிபோயின. எண்ணம் மட்டும் தம் வசம் இருக்கிறது என்ற உறுதியை அது தந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வகை எழுத்தைத் தன்னலம் என்று ஒரே சொல்லில் தள்ளுவது நியாயமன்று. பின்னாளில் எம்.எஸ்.உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ எழுதியதும், வேதாத்திரி மகரிஷி 1958-இல் உலக சமுதாய சேவா சங்கம் நிறுவி மனவளக்கலையைப் பரப்பியதும் இதே நற்கொடையின் தொடர்ச்சிகள். மனவளக்கலையில் காயகல்பப் பயிற்சியும் உண்டு என்பதால், கொல்லிமலைச் சித்தரும் தன்முன்னேற்றமும் தமிழில் ஏற்கெனவே கைகோத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இவை அனைத்துக்கும் பொதுவானது ஒரு சங்கிலி. எண்ணம் செயலாகும், செயல் குணமாகும், குணம் வாழ்வாகும். சங்கிலி உண்மைதான், பௌத்தமும் வினைக்கோட்பாட்டில் அதை ஏற்கிறது. ஆனால் நல்ல எண்ணத்தால் நல்ல வாழ்வு வரும் என்று நம்பியவனுக்கு நல்ல வாழ்வு வராதபோது என்ன ஆகிறது? தன் எண்ணத்தில்தான் குறை என்று அவன் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்கிறான். இன்னொரு பயிற்சி வகுப்பு, இன்னொரு உறுதிமொழி என்று தேடுகிறான். மேம்பட வேண்டிய நான் ஒருபோதும் போதுமானவனாக இருப்பதில்லை. இந்தச் சோர்வு மெல்ல மெல்ல நம் இளைஞர்களைத் தின்பதைப் பார்க்கும்போது, பலனை வாக்களிக்காத ஒரு பயிற்சி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

4. பலனை மறுத்தவர்கள்

எதிர்ப்பக்கத்தில் ஜே.கிருஷ்ணமூர்த்தி நிற்கிறார். 1929-இல் நெதர்லாந்தின் ஒம்மென் முகாமில், தாமே தலைவராக இருந்த விண்மீன் சங்கத்தைக் கலைத்தவர். பிறகு வாழ்நாள் முழுவதும், சென்னை வசந்த விகாரத்தில் ஆற்றிய பேச்சுகள் உட்பட, ஏதோ ஒன்றாக ஆக வேண்டும் என்ற வேட்கையையே துன்பத்தின் வேராகக் காட்டினார். இந்த அளவில் அவரும் ஜென்னும் ஒன்று. ஆனால் அவர் முறையையும் குருவையும் சேர்த்தே மறுத்தார். ஜென் அப்படிச் செய்யவில்லை. காலை எழும் நேரம், அமரும் நிலை, ஆசிரியர் முன் தனியே போய் நின்று விடை சொல்வது என்று எல்லாவற்றையும் கேட்கிறது. வேட்கையை வெறுமனே பேச்சைக் கேட்பதால் கண்டுகொள்ள நம்மில் பெரும்பாலோரால் முடியாது என்பது ஜென்னின் பட்டறிவு. மணி அடித்ததும் எழ வேண்டும், கால் வலித்தாலும் அமர வேண்டும் என்னும்போதுதான், இதனால் எனக்கு என்ன என்று உள்ளே முணுமுணுக்கும் குரல் வெளிவருகிறது. பயிற்சி அந்தக் குரலை அடக்குவதில்லை, காட்டிக்கொடுக்கிறது.

ரமணர் இன்னும் நெருக்கமானவர். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து ‘நான் யார்?’ உருவாயிற்று. சீன மடங்களிலும், புத்தர் பெயரை ஓதுவது யார் என்று ஒரே கேள்வியில் மாதக்கணக்கில் ஊன்றி நிற்கும் முறை உண்டு. கேள்வி ஏறத்தாழ ஒன்று. ரமணர் மரபில் அந்தக் கேள்வி ஆன்மாவில், அழியாத இன்பத்தில் அடங்குகிறது. ஜென்னில் அடங்கும் இடம் சொல்லப்படுவதில்லை. ஒரு கேள்வி அவிழ்ந்தால் ஆசிரியர் அடுத்ததைத் தருகிறார்.

5. தடைகளும் விடைகளும்

முதல் தடை நம் மரபின் உள்ளிருந்தே வரும். பலன் கருதாமை கீதையில் இல்லையா? அடியார்கள் வீடுபேற்றையும் வேண்டாதவர்கள் என்று சேக்கிழார் போற்றவில்லையா? யானையை அடக்கலாம், நீர்மேல் நடக்கலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்று தாயுமானவர் பாடவில்லையா? இந்தத் தடையை நான் மிகவும் மதிக்கிறேன். ஜென்னைத் தமிழர் உள்ளபடி புரிந்துகொள்ள இவையே வாசல்கள். ஆனால் நுட்பமாகப் பாருங்கள். கீதை வினைப்பயனை இறைவனுக்குப் படைக்கச் சொல்கிறது. வீடு என்னும் குறிக்கோள் அங்கே நிற்கிறது. சேக்கிழாரின் அடியார் வீட்டைத் துறப்பது, அதைவிடப் பெரிதான அன்பில் கூடி நிற்பதால். தாயுமானவரின் சும்மா இருத்தல் மௌனகுருவின் அருளால் வாய்க்கும் பேரின்பம். மூன்றிலும் பலனின் இடத்தில் வேறொன்று வந்து அமர்கிறது: இறைவன், அன்பு, அருளின்பம். அவை உயர்ந்தவை. ஜென் அந்த இருக்கையில் எதையும் அமர்த்துவதில்லை. 1223-இல் சீனத் துறைமுகத்தில் கப்பலில் தங்கியிருந்த இளம் தோகன், காளான் வாங்க வந்த முதிய மடத்துச் சமையற்காரரிடம், இந்த வயதில் தியானம் செய்யாமல் ஏன் சமையல் என்று கேட்டார். பயிற்சி என்றால் என்னவென்றே உனக்குத் தெரியவில்லை என்று அவர் சிரித்தார். 14 ஆண்டு கழித்து மடத்துச் சமையலுக்கென்றே தோகன் ஒரு நூல் எழுதினார். அரிசி களைவது யாருக்கும் படையலாக அங்கே சொல்லப்படவில்லை. அரிசி களைவதே முழு வேலை.

இரண்டாவது தடை: ஜென்னில் மெய்யுணர்வு என்ற அனுபவம் பேசப்படுகிறதே, ஆசிரியர் சான்று தருகிறாரே, அது பலன் இல்லையா? ஆம், பேசப்படுகிறது, சான்றும் உண்டு. ஆனால் அது கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதே கேள்வி. 12-ஆம் நூற்றாண்டில் சீன ஆசான் குவோஆன் வரைந்து பாட்டெழுதிய, எருதைத் தேடும் மேய்ப்பனைக் காட்டும் பத்து ஓவியங்களில், எட்டாவது வெறும் வட்டம். மாடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை. வேறு எந்த மரபும் அங்கே முடித்திருக்கும் என்று தோன்றுகிறது. குவோஆன் இன்னும் இரண்டு வரைந்தார். கடைசிப் படத்தில் மேய்ப்பன் மார்பு திறந்து, வெறுங்காலோடு சந்தைக்குள் வருகிறான். அடைந்ததைச் சுமந்துகொண்டு திரிகிறவனை நாற்றமடிக்கிறது என்றே ஜென் ஆசிரியர்கள் கடிந்துகொள்வார்கள்.

பலன் சொல்லாத இந்தப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரு கண்கூடான இடம் உண்டு. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கிய போதி ஜெண்டோ என்னும் ஜென் மையம் அது. அதை நிறுவிய அருட்தந்தை அமா சாமி இயேசு சபைத் துறவி. 1936-இல் பர்மாவில் பிறந்தவர். காமகுராவில் யமடா கோஉன் என்ற ஆசிரியரிடம் பயின்று 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். யமடா துறவி அல்லர், தோக்கியோவில் மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவர். கிறித்தவ மாணவர்களை மதம் மாறச் சொல்லாமலே பயிற்றுவித்தார். இது எப்படி முடிந்தது? ஜென் ஒரு வீடுபேற்றை வாக்களித்திருந்தால், கிறித்தவத்தின் வீடுபேற்றோடு மோதியிருக்கும். வாக்களிக்க எதுவும் இல்லாததால் மோதலும் இல்லை. பெருமாள்மலையில் மௌனமாக அமர்தலும், ஆசிரியரைத் தனியே காண்பதும், தோட்டமும் துப்புரவுமான உடலுழைப்பும் ஒரே நாளின் பகுதிகள்.

மூன்றாவது தடையே கனமானது. பலனும் குறிக்கோளும் இல்லை என்றால் நன்மை தீமை எங்கே? 1997-இல் பிரையன் விக்டோரியா வெளியிட்ட ‘போரில் ஜென்’ நூல், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானில் மதிப்புமிக்க ஜென் ஆசிரியர்கள் பலர் படையெடுப்பை ஆதரித்துப் பேசியதையும் எழுதியதையும் ஆவணங்களோடு காட்டிற்று. முன்பு நான் சான்று காட்டிய யசுதானியும் அவர்களுள் ஒருவர். யமடாவின் ஆசிரியர் அவர். இதை மூடி மறைத்துவிட்டு ஜென்னைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. சாவுக்கு அஞ்சாத, எண்ணம் குறுக்கிடாத மனம் படைவீரனுக்குப் பயன்படும் என்று அன்று கற்பித்தார்கள். அந்த வாக்கியத்தில் பயன் என்ற சொல் எப்படி உள்ளே நுழைந்துவிட்டது என்று கவனியுங்கள். புத்தரின் முதல் சீலம் கொல்லாமை. சீலத்திலிருந்து பிரித்தெடுத்த கணத்தில் ஜென் ஒரு திறனாக மாறியது. திறனானதும் வெற்றி என்னும் பலனுக்கு வேலை செய்தது. ஆகவே அந்தக் கொடுமை பலன் மறுப்பிலிருந்து பிறந்தது என்பதை நான் ஏற்கவில்லை. அரசும் படையும் காட்டிய பலனுக்கு ஆசிரியர்கள் இடம் கொடுத்ததிலிருந்து பிறந்தது. பேரரசர் வூவிடம் இல்லை என்று சொன்ன வாய், இன்னொரு பேரரசரிடம் உண்டு என்று சொல்லிவிட்டது. 2001-இல் ஜப்பானின் மியோஷின்ஜி ஜென் மடத்தார் போர்க்காலச் செயல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்கள். யசுதானியின் மரபினரும் அவருடைய சொற்களுக்காக வருத்தம் தெரிவித்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் தாமதமான செயல் அது. பெருமாள்மலையிலோ வேறெங்கோ இந்தப் பயிற்சிக்குப் போக விரும்பும் மாணவர்கள் முன்பு சொன்ன ஜென் நிகழ்ச்சித் தொகுப்புகளைப் படிப்பதற்கு முன் இந்த ஆவணங்களைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.